மூலையில் நின்ற தொண்ணூற்றாறு

"அத்தை, அவளைப் பெத்தது நீங்க. அதுக்காக அவ மெஷினும் உங்களுதாயிடாது. கையை எடுங்க."

மாப்பிள்ளை என்னிடம் குரலை உயர்த்தியது இருபத்திரண்டு வருஷத்தில் அந்த ஒரு தடவைதான். நான் ஒன்றும் மெஷினை உடைக்கப் போகவில்லை. மேசை மேல் இருந்த பழைய லேப்டாப்பை மூடி ஓரமாக வைத்துவிட்டு, ரிப்பேர்க்கடைக்காரர் இரவலாகக் கொடுத்தனுப்பிய புது லேப்டாப்பை அந்த இடத்தில் வைக்கலாம் என்று போனேன். அவ்வளவுதான். அதற்குத்தான் அந்தக் குரல்.

"உங்க பொழப்புக்குத்தான் சொல்றேன்," என்றேன். "எனக்கென்ன, ஒரு கவளம் போதும்."

"தெரியும். நாலு வருஷமா அந்த ஒரு கவளத்தோட கதையைக் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"கேக்கப் பிடிக்கலைன்னா காதுல அந்த மாட்டலை மாட்டிக்கோங்க. எப்பவும் அதோடதானே இருக்கீங்க."

அவர் டைப் அடிக்கும்போது காதில் மாட்டுகிற ஹெட்ஃபோனை எடுத்து மாட்டிக்கொண்டார். இரவல் லேப்டாப் பையோடு வாசல் பக்கம் போனது. மறுநாள் கடைக்கே திரும்பிப் போனது.

அவர் என் ஒரே மகளின் கணவர். மகள் செத்து நாலு வருஷம் ஆகிறது. போய்ச் சேர்ந்தாள், கண் மூடினாள் என்று மழுப்ப எனக்கு வராது. வயிற்றில் கட்டி வந்து, நாற்பத்தொன்றாவது வயதில் செத்துப்போனாள். பிள்ளை கிடையாது. அவள் செத்தபிறகு மூன்றாவது மாடியில் இரண்டு அறைக்குள் மிஞ்சியது ஒரு மாமியாரும் ஒரு மருமகனும். பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தால் இறங்கும்வரை ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டோம், அப்படிப்பட்ட இரண்டு பேர். எனக்குப் போக வேறு இடமில்லை. அவர் போகச் சொல்லவும் இல்லை. சொல்லத் தைரியமில்லாமல்தான் சொல்லவில்லை என்று முதல் ஒரு வருஷம் நினைத்திருந்தேன்.

அவருடைய அப்பா லாரி எடைமேடையில் சீட்டுப் போடுகிறவர். எடைமேடைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில்தான் மாப்பிள்ளை பிறந்து வளர்ந்தது. பத்தொன்பது வயதில் அச்சகத்தில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குப் போனார். குப்பையில் கிடந்த தாளைப் படித்து, "இதுல ரெண்டு எழுத்து தப்பா இருக்கு" என்று முதலாளியிடமே நீட்டியிருக்கிறார். முதலாளிக்கு முதலில் கோபம், பிறகு லாபம். மறுவாரமே துடைப்பத்தைப் பிடுங்கிக்கொண்டு சிவப்புப் பேனாவைக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து முப்பது வருஷம் பிழை திருத்துகிற வேலை. அச்சகத்தில் அவருக்கு வைத்த பெயர் பேன்சீப்பு. தாளில் பேன் பார்க்கிறாராம். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் தலை திரும்பும், கோபம் வராது.

கல்யாணத்துக்கு அடித்த பத்திரிகையில் ஒரு கொம்பு விட்டுப்போயிருந்தது. எண்ணூறு பத்திரிகையையும் திருப்பி அனுப்பிவிட்டு, புதிதாக அடித்து வரும்வரை ஒருவருக்கும் கொடுக்கவிடவில்லை. என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இப்பவே இப்படின்னா நம்ம பொண்ணுகிட்ட எத்தனை தப்பு கண்டுபிடிப்பாரோ," என்றார். மகள் சிரித்தாள். "நான் என்ன திருத்துற ப்ரூஃபா அப்பா? ஃபைனல் காப்பி. அவர் இனிமே ஒண்ணும் பண்ண முடியாது." அவள் வாய் என் வாய். முகம்தான் அவள் அப்பா.

அந்த லேப்டாப் அவளுடையது. மருந்து மொத்த வியாபாரம் செய்கிற ஆபீசில் இருப்புக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். ஆபீசில் புதுசு வாங்கியபோது பழசைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்தால் ஒரு பக்கம் திறக்கவே டீ போட்டுக் குடித்துவிட்டு வரலாம், அப்படி நத்தையாக ஊர்ந்தது. கூட வேலை பார்த்த ஒரு தோழி வந்து, உள்ளே இருந்ததை எல்லாம் துடைத்துவிட்டு லினக்ஸ் என்று ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். பிறகு குதிரை மாதிரி ஓடியது. ஒரு குறைதான். பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று காட்டுகிற படம் அதில் சரியாக வரவில்லை. அதற்கும் அந்தத் தோழி நாலு வரி கைப்பட எழுதிப் போட்டாள். அந்த நாலு வரி நிமிஷத்துக்கு ஒருமுறை பேட்டரியைப் போய்ப் பார்த்து, நம்பரை ஒரு ஃபைலில் எழுதி வைக்கும். ஸ்கிரீனின் வலது கீழ் மூலை அந்த ஃபைலைப் பார்த்து நம்பரைக் காட்டும். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டி வந்தது பின்னால்.

மகள் செத்ததும் லேப்டாப் அலமாரிக்குள் போய்விட்டது. அடுத்த வருஷமே அச்சகத்தையும் மூடினார்கள். மெஷின்களை இரும்பு விலைக்கு எடை போட்டுக் கொண்டுபோனார்கள். மாப்பிள்ளை போய் நின்று பார்த்துவிட்டு வந்தார். "எடை சரியாப் போட்டாங்களா?" என்று கேட்டேன். எடைமேடைக்காரர் மகனாயிற்றே. "சரியாத்தான் போட்டாங்க," என்றார். அப்போது அவருக்கு ஐம்பது வயது.

எட்டு மாதம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் சும்மா விடவில்லை. "சுவத்துல ஏதாவது பிழை இருக்கா மாப்பிள்ளை?" என்று தினமும் கேட்பேன். ஒரு நாள் எழுந்துபோய் அலமாரியைத் திறந்தார். பேச்சைக் கேட்டு டைப் அடிக்கிற வேலை ஒன்று இருக்கிறதாம். கூட்டத்தில் பேசியது, டாக்டர் சொன்னது, வக்கீல் சொன்னது என்று பதிவு பண்ணி அனுப்புவார்கள். வீட்டிலிருந்தபடியே கேட்டு அடித்து அனுப்ப வேண்டும். அதற்கு லேப்டாப் வேண்டும்.

அலமாரியிலிருந்து எடுத்தபோது அதன் வயிறு உப்பியிருந்தது. உள்ளே இருந்த பேட்டரி ஊதிப்போய்விட்டதாம். ரிப்பேர்க்கடைக்காரர் அதைக் கழற்றி எறிந்தார். அந்த மெஷினில் பேட்டரிக்கு இரண்டு இடம். ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. உள் இடத்துக்கான பேட்டரி இப்போது யாரும் செய்வதில்லை என்று, எங்கிருந்தோ பிடித்த பழையது ஒன்றை வெளி இடத்தில் மாட்டிவிட்டார். "இந்த சிஸ்டமும் அரதப்பழசு. புதுசு போட்டுடட்டுமா சார்?" என்று கேட்டாராம். இவர் வேண்டாம் என்றார். எதையும் மாற்ற விடவில்லை. திறந்தால் வருகிற படம், எழுத்தின் அளவு, மூலையில் இருக்கிற நம்பர், எல்லாம் மகள் வைத்தது வைத்தபடி.

மூலையில் தொண்ணூற்றாறு என்று இருந்தது. எனக்கு எழுத்துத் தெரியாது. எண் தெரியும், பஸ் நம்பர் பார்த்துப் பழகியது. நல்ல பேட்டரிதான் போலிருக்கிறது என்று நினைத்தேன். இவரும் அப்படித்தான் நினைத்தார். எப்போதும் சார்ஜரை மாட்டியே வேலை பார்த்ததால் அதைப் பற்றி யோசிக்க வேண்டி வரவில்லை.

ஒன்றரை வருஷம் துண்டு துண்டாக வேலை வந்தது. வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. அந்தக் கம்பெனியில் நிரந்தர ஆள் என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் சேர்ந்துவிட்டால் மாதச் சம்பளம், ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஏதோ கொஞ்சம். அதற்கு ஒரு பரீட்சை. ஒன்றரை மணி நேரம், நாலு பதிவு. அதில் மூன்று பதிவாவது பிழையில்லாமல் இருக்க வேண்டும். வீட்டில், சொந்த மெஷினில், சத்தமில்லாத அறையில் உட்கார்ந்து எழுத வேண்டும். ஓர் ஆளுக்கு வாழ்நாளில் இரண்டே வாய்ப்பு. முடித்ததும் ஒரு பட்டனை அமுக்கி மொத்தமாக அனுப்ப வேண்டும். அமுக்கியது கணக்கு. அமுக்காதது காற்றோடு போச்சு.

முதல் தடவை பரீட்சைக்கு நடுவில் கரண்ட் போயிற்று. எங்கள் தெருவில் அது புதுசில்லை. அவர் மூலையைப் பார்த்தார், தொண்ணூற்றாறு. நிம்மதியாக அடித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் ஸ்கிரீன் கருத்துவிட்டது. கடைசிவரை தொண்ணூற்றாறாம்.

அன்றைக்கு வந்ததுதான் அந்தச் சண்டை. கடைக்காரர் மனசு கேட்காமல் இரவல் லேப்டாப்பைக் கொடுத்தனுப்பினார், நான் மாற்றி வைக்கப் போனேன், அவர் கத்தினார். இரண்டாவது வாய்ப்புக்கு மூன்று வாரம் இருந்தது.

"சரி, அவ மெஷின்லயே எழுதுங்க," என்றேன் இரண்டு நாள் கழித்து. கோபம் இருந்தாலும் ஒரே வீட்டில் எவ்வளவு நேரம்தான் பாத்திரத்தோடு பேசுவது. "ஆனா அது பொய் சொல்லுதே. ஊர்ல இருக்கிற பிழையெல்லாம் திருத்துறீங்க. உங்க மூக்குக்கு முன்னால நிக்கிற பிழை தெரியலையா?"

அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. அன்றே உட்கார்ந்தார்.

பிழை பார்க்கிற ஆள் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார். முதலில் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு நம்பர் இறங்குகிறதா என்று பார்த்தார். இறங்கவில்லை. மெஷினை அணைத்துப் போட்டார். அதே நம்பர். பேட்டரியையே கழற்றிவிட்டு வெறும் சார்ஜரில் ஓட்டினார். பேட்டரியே இல்லாத மெஷின் தொண்ணூற்றாறு என்று சொன்னது.

"இது என்ன, செத்தவங்க பேருக்கு ரேஷன் வாங்குற கதையா இருக்கு," என்றேன்.

அவருக்கே சிரிப்பு வந்தது. சண்டைக்குப் பிறகு முதல் சிரிப்பு.

இந்த லினக்ஸ் ஆட்கள் எழுதிக் கேட்டுப் பதில் சொல்லிக்கொள்கிற இடம் ஒன்று நெட்டில் இருக்கிறது. அங்கே கேள்வி போட்டார். கேள்வியை மூன்று தடவை திருத்தினார். பத்து பேர் பதில் எழுதினார்கள். ஏழு பேர் புதுசு போடு என்றார்கள். ஒருவர், இந்தக் காலத்தில் இதை வைத்திருக்கிறாயே, அருங்காட்சியகத்தில் வை என்றார். ஆந்தை என்று பெயர் வைத்துக்கொண்ட ஒருவர் மட்டும் பொறுமையாக ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார். ஆணா பெண்ணா, எந்த நாடு, ஒன்றும் தெரியாது. "ஆந்தை இன்னைக்கு என்ன சொல்லுது?" என்று காலையில் டீ கொடுக்கும்போது கேட்பேன். இவர் படித்துக் காட்டுவார்.

இதற்குள் நான் என் வேலையைத் தொடங்கிவிட்டேன். நம்பர் பொய் சொன்னாலும் கடிகாரம் பொய் சொல்லாது என்பது என் எண்ணம். "முழுசா சார்ஜ் போடுங்க. பிளக்கைப் பிடுங்குங்க. அணையுற வரைக்கும் நான் எண்ணுறேன்," என்றேன். சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே நாற்காலி போட்டு, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு கோடு போட்டேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்கிரீன் தூங்கிவிடாமல் இருக்க அவ்வப்போது ஒரு எழுத்தைத் தட்டினார். முதல் நாள் நாற்பத்து மூன்று நிமிஷம். இரண்டாம் நாள் நாற்பத்தொன்று. மூன்றாம் நாள் நாற்பத்திரண்டு.

"நாப்பதுன்னு வச்சுக்குவோம்," என்றேன்.

"அத்தை, நீங்க படிச்சிருந்தா எங்க அச்சகத்தையே நடத்தியிருப்பீங்க."

"நடத்தியிருந்தா மூடியிருக்க மாட்டேன்."

எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். இத்தனை வயதில் ஒரு காரியத்துக்கு என் எண்ணிக்கை உதவுகிறது என்ற பெருமை.

பரீட்சைக்கு நாலு நாள் இருக்கும்போது ஆந்தை பிடித்துவிட்டது. மெஷினுக்குள் பேட்டரிகளுக்குத் தனித்தனி பெயர் உண்டாம். உள்ளே இருக்கும் பேட்டரிக்குப் பூஜ்யம், வெளியே இருக்கும் பேட்டரிக்கு ஒன்று. தோழி எழுதிய நாலு வரி பூஜ்யத்தைத்தான் போய்ப் பார்க்கிறது. அங்கே ஆளே இல்லை. காலி வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறது. புது நம்பர் கிடைக்காததால் ஃபைலில் பழைய நம்பரே கிடக்கிறது. மூலை அதையே காட்டிக்கொண்டிருக்கிறது. பூஜ்யத்தை அழித்து ஒன்று என்று அடித்தால் போதும். ஒரு விரல் வேலை.

"அப்ப அடிங்க," என்றேன்.

அவர் அடிக்கவில்லை. ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாப்பிள்ளை, விரல் சுளுக்கிக்கிச்சா?"

"ஆந்தை இன்னொண்ணும் கேட்டுது அத்தை. அந்த ஃபைல்ல கடைசியா எப்ப எழுதியிருக்குன்னு பாருன்னு. பார்த்தேன்." தேதியைச் சொன்னார். செவ்வாய்க்கிழமை. காலை ஏழு ஐம்பது.

எந்தச் செவ்வாய் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அன்று காலை அவள் வலியோடு உட்கார்ந்து, ஆபீசுக்கு ஏதோ கணக்கு அனுப்ப வேண்டும் என்று பிளக்கைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு தட்டினாள். "போதும்டி, கார் வந்துடுச்சு," என்று நான்தான் அதட்டினேன். மூடி வைத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனோம். திரும்பி வரவில்லை.

தொண்ணூற்றாறு அப்போது நின்றது.

"மாத்தினா ஒரு நிமிஷத்துல அழிஞ்சிடும்," என்றார்.

"ஒரு தாள்ல எழுதி வச்சுக்கோங்களேன்."

"தாள்ல எழுதினா அது நான் எழுதினது."

வேறு நாளாக இருந்தால் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். நம்பரைக் கட்டிக்கொண்டு அழப் போகிறீர்களா, அவள் இருந்திருந்தால் உங்களைப் பார்த்துச் சிரித்திருப்பாள் என்றெல்லாம் வாய் வரை வந்தது. சொல்லவில்லை. எனக்கும் அது அழிய வேண்டாம் என்று இருந்தது. இத்தனை நாள் அந்த மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நானும்தானே.

"பரீட்சை முடியட்டும். அப்புறம் பார்த்துக்கலாம்," என்றார்.

"அதான் நான் இருக்கேனே," என்றேன். "கரண்ட் போனா நான் எண்ணுறேன். முப்பதாவது நிமிஷம் கையைக் காட்டுறேன். நீங்க அமுக்கிடுங்க. பத்து நிமிஷம் கையில இருக்கும்."

இப்படித்தான் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து, சரிசெய்யத் தெரிந்த பிழையைச் சரிசெய்யாமல் விட்டோம்.

பரீட்சை பத்து மணிக்கு. எங்கள் தெருவுக்கு அந்த வாரம் இரண்டு மணிக்குமேல்தான் மின்வெட்டு என்று போட்டிருந்தார்கள். நெட்டுக்காக அவர் போனை ஒரு வயரால் லேப்டாப்போடு மாட்டியிருந்தார். கதவைச் சாத்தி, ஜன்னலை மூடி, நான் கடிகாரத்துக்கு எதிரே நாற்காலியில். அவர் காதில் மாட்டிக்கொண்டு தொடங்கினார். முப்பது வருஷம் சிவப்புப் பேனா பிடித்த விரல் அது. அடிக்கிற சத்தம் ஒரே சீராக இருந்தது. பார்க்க எனக்கே நன்றாக இருந்தது.

பத்து ஐம்பதுக்கு மின்விசிறி நின்றது.

அவர் திரும்பிப் பார்த்தார். நான் தலையை ஆட்டிவிட்டு முதல் கோட்டைப் போட்டேன். அதற்குள் இரண்டு பதிவு முடித்து மூன்றாவதில் இருந்தார். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், பதினைந்து. வேர்வை அவர் கழுத்தில் ஓடியது. பதினேழாவது நிமிஷத்தில் என்னைப் பார்த்து மூன்று விரலைக் காட்டினார். மூன்று முடிந்துவிட்டது. அதுவே போதும். ஆனால் அமுக்கவில்லை. நாலாவதை விட்டுவிட்டு மறுபடி மேலே போனார். முதல் வரியிலிருந்து படித்துக்கொண்டு வந்தார். பேன் பார்க்கிற கண் சும்மா விடுமா.

இருபதாவது நிமிஷம் என் முகத்தைப் பார்த்தார், இன்னும் நேரம் இருக்கிறதா என்று. நான் பத்து விரலையும் விரித்துக் காட்டினேன். இன்னும் பத்து இருக்கிறது, நிதானமாகப் பாருங்கள் என்று. அவர் தலையசைத்துவிட்டு மறுபடி குனிந்தார்.

இருபத்திரண்டாவது நிமிஷம் ஸ்கிரீன் கருத்தது.

அவர் காதில் மாட்டியதைக் கழற்றவில்லை. கை கீபோர்டிலேயே இருந்தது.

"என்ன ஆச்சு?"

காதில் விழவில்லை என்று நினைத்து எழுந்துபோய்த் தோளைத் தொட்டேன்.

"முடிஞ்சிடுச்சு அத்தை."

"அனுப்பிட்டீங்களா?"

"இல்ல."

"நான் தப்பா எண்ணிட்டேனா?"

"இல்ல. சரியாத்தான் எண்ணினீங்க."

கரண்ட் வர ஒரு மணி ஆயிற்று. கம்பெனிக்குப் போன் பண்ணினார். எடுத்தவள் மரியாதையாகத்தான் பேசினாள். "ரெண்டு தடவைதான் சார் ரூல். உங்க வேலை எல்லாருக்கும் பிடிக்கும். ஆனா நான் ஒண்ணும் பண்ண முடியாது." இவர் "பரவாயில்லைங்க" என்றார். என்ன பரவாயில்லை என்று அவளுக்கும் தெரியாது, இவருக்கும் தெரியாது.

மறுநாள் ஆந்தைக்கு எழுதினார். ஆந்தை ஒரே ஒரு கேள்விதான் கேட்டது. அளக்கும்போது மெஷின் வேலை செய்துகொண்டிருந்ததா, சும்மா திறந்திருந்ததா? சும்மா திறந்திருந்தது. பரீட்சையில் பாட்டுப் பெட்டி மாதிரி பதிவு ஓடிக்கொண்டிருந்தது, நெட் ஓடிக்கொண்டிருந்தது, வயரில் மாட்டிய போன் வேறு பேட்டரியை உறிஞ்சிக்கொண்டிருந்தது. உட்கார்ந்திருக்கும்போது மூச்சை எண்ணிவிட்டு, மாடி ஏறும்போது அதே கணக்கு வரும் என்று நம்பியிருக்கிறேன். மூலையில் நிஜ நம்பர் இருந்திருந்தால், அது மளமளவென்று இறங்குவதை அவர் பார்த்திருப்பார். அமுக்கியிருப்பார்.

ஆந்தையின் பதிலை எனக்குப் படித்துக் காட்டியபோது அவர் ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. "உங்களாலதான்" என்று ஒரு தடவை சொல்லியிருக்கலாம். நான் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் அவரை. கேட்டும் பார்த்தேன். "திட்டணும்னா திட்டிடுங்க மாப்பிள்ளை. மனசுல வச்சு அழுகவிடாதீங்க."

"எதுக்குத் திட்டுறது. நம்பரை விட்டு வச்சது நான்."

"பத்து விரலைக் காட்டினது நான்."

"ஆமா," என்றார்.

அந்த 'ஆமா' ஒன்றுதான் எனக்குக் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு இத்தனை நாள் ஓட்டுகிறேன்.

அன்று சாயங்காலம் லேப்டாப்பைத் திறந்து, அந்த நாலு வரியில் பூஜ்யத்தை அழித்து ஒன்று அடித்தார். என்னைக் கூப்பிடவில்லை. நான் அடுப்படியிலிருந்து வந்து பின்னால் நின்றேன், அவருக்குத் தெரியும். ஒரு நிமிஷம் காத்திருந்தோம். மூலையில் அறுபத்தெட்டு என்று வந்தது. கொஞ்ச நேரத்தில் அறுபத்தேழு. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அறுபத்தாறு ஆனதும் அவர் மூடிவிட்டார். இப்போது அது நிஜம் சொல்கிறது. திறந்து பார்க்கத்தான் ஆள் இல்லை.

துண்டு வேலையும் நின்றுபோனது. இரண்டு தடவை தோற்ற ஆளுக்கு அனுப்புவதில்லையாம்.

இரண்டு மாதம் கழித்து பார்சல் கிடங்கில் வேலை கிடைத்தது. பெல்ட்டில் வருகிற பெட்டியின் விலாசம் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்பது மணி நேரம் நின்றபடி. ஐம்பத்திரண்டு வயதில். முதல் நாள் பதினாலு பெட்டியை நிறுத்தி வைத்திருக்கிறார், தெருப் பெயரில் எழுத்துப்பிழை என்று. மேற்பார்வை பார்க்கிற பையன் வந்து, "பெரியவரே, போய்ச் சேர்ந்தா போதும். பரீட்சை பேப்பரா திருத்துறீங்க," என்றானாம். அதை வீட்டில் வந்து என்னிடம் சொன்னார். சிரிக்க வேண்டும் என்றுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு அவர் எதையும் நிறுத்துவதில்லை. தப்பு கண்ணெதிரே பெல்ட்டில் போகிறது, இவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

மாலையில் மூன்று மாடி ஏறி வருவதற்குள் இரண்டு தடவை நிற்பார். சத்தத்தை வைத்தே எந்த மாடியில் நிற்கிறார் என்று எனக்குத் தெரியும். கால் வீங்கி, செருப்பு வார் பதிந்து குழியாகிக் கிடக்கும். வெந்நீர் வைத்துக் கொடுத்தால், "நீங்க எதுக்கு அத்தை," என்று வாளியைத் தானே தூக்கிக்கொண்டு போவார். அவருக்கு யாரும் ஒன்றும் செய்துவிடக் கூடாது. மகளுக்கும் அதே குணம். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து எப்படித்தான் இருந்தன என்று ஆச்சரியமாக இருக்கும்.

போன வாரம் நான் பிடிவாதமாகக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். "வேலைக்குப் போற காலுக்குச் செய்யாம வேற எதுக்குச் செய்யப் போறீங்க? மகள் செத்த நாளா ஒரு பனியன்கூட வாங்கல நீங்க. நான் கணக்கு வச்சிருக்கேன்."

"நீங்க எண்ணினா சரியாத்தான் இருக்கும்," என்றார். முகத்தில் ஒன்றும் இல்லை. குத்தலா, விளையாட்டா, இன்றுவரை தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

தடிமனான அடி வைத்த கறுப்பு ஷூ. கடைப் பெண் முட்டிபோட்டு உட்கார்ந்து கயிறு கட்டிவிட வந்தாள், இவர் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். தானே குனிந்து கட்டிக்கொண்டு கடைக்குள்ளேயே நாலடி நடந்தார், திரும்பி வந்தார், சும்மா நின்றார். மற்றவர்கள் ஷூ வாங்கும்போது நடந்து பார்ப்பார்கள். இவர் ரொம்ப நேரம் நின்று பார்த்தார்.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"நிக்கலாம்."

பழைய செருப்பைப் பெட்டியில் போட்டுக் கொடுக்கச் சொன்னார். ஷூவைப் போட்டுக்கொண்டே வெளியே வந்தார். விலை ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது.